ஆயர் பதவியை வேண்டாமென்ற அடிகளார்

ஒல்லாந்தர் காலத்தைப் படிக்கும்போது எங்களுக்கு நினைவில் நிற்பவை கறுவா, கோட்டைகள், தோம்புகள், உரோமன் ஒல்லாந்துச் சட்டம். பரீட்சைக்கு நாங்கள் பாடமாக்குவதும் அவற்றைத்தான். அதே காலத்தில், அந்த ஆட்சியின் கண்ணில் படாமல், கூலியாள் வேடத்தில் வெறுங்காலோடு இந்த நாட்டை நடந்து கடந்த ஒரு துறவியும் இருந்தார். அவர் பெயர் யோசேவாஸ். கத்தோலிக்கர் அவரைப் புனிதர் என்கின்றனர். ஒரு முஸ்லிம் மாணவி ஏன் அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று வாசகர் சிலர் நினைக்கக்கூடும். அவருடைய கதையில் நாங்களும் இருக்கிறோம். எந்த இடத்தில் என்பதை அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

முதலில் ஒரு பழைய சண்டையைச் சொல்லிவிட வேண்டும். ஆயரை நியமிப்பது யார்? பாப்பரசரா, மன்னரா? ஐரோப்பாவில் இந்தக் கேள்விக்காகப் போர்களே நடந்தன. ஜேர்மனிய மன்னர் நான்காம் ஹென்றி 1077ஆம் ஆண்டு பனிக்காலத்தில் கனோசா கோட்டை வாசலில் பாப்பரசரின் மன்னிப்புக்காகக் காத்து நின்றது இந்தச் சண்டையில்தான். ஆயர் என்றால் தொழுகை நடத்துபவர் மட்டும் என்று நாங்கள் நினைத்துக்கொள்கிறோம். அந்தக் காலத்தில் ஆயருக்கு நிலம் இருந்தது, வரி இருந்தது, படையும் இருந்தது. ஆகவே ஆயர் யாருடைய ஆள் என்பது ஓர் அரசியல் கேள்வி. 1122இல் வோர்ம்ஸ் நகரில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. ஆனால் கேள்வி சாகவில்லை. அது கப்பலேறி ஆசியாவுக்கும் வந்தது.

கீழைத்தேசங்களில் கிறிஸ்தவத்தைப் பரப்பும் பொறுப்பையும் செலவையும் போர்த்துக்கல் மன்னர் ஏற்றுக்கொண்டார். அதற்குப் பதிலாக, அங்கே ஆயர்களைப் பிரேரிக்கும் உரிமையைப் பாப்பரசர்கள் அவருக்குக் கொடுத்தார்கள். இதற்குப் பத்ரவாதோ என்று பெயர். மன்னர் பலமாக இருந்தவரை இதில் பிரச்சினை எழவில்லை. ஒல்லாந்தரிடமும் உள்நாட்டு அரசர்களிடமும் போர்த்துக்கேயர் ஒவ்வோர் இடமாக இழக்கத் தொடங்கியதும், மன்னரின் ஆட்சி இல்லாத இடத்தில் மன்னருக்கு என்ன உரிமை என்று உரோமாபுரி கேட்டது. 1622இல் மறைபரப்புக்கென ஒரு தனிச் சபையை அமைத்து, தன்னுடைய பிரதிநிதிகளை நேரடியாக அனுப்பவும் தொடங்கியது. கோவாவோ விட்டுக்கொடுக்கவில்லை. இந்த இழுபறிக்கு நடுவில்தான் யோசேவாஸ் பிறந்தார்.

அவர் பிறந்தது 1651 ஏப்ரல் 21ஆம் திகதி, கோவாவில் பெனவுலிம் என்ற ஊரில். அது தாயின் ஊர். தந்தையின் ஊர் சாங்குவால். முன்னோர் கொங்கணிப் பிராமணர், மதம் மாறிக் கத்தோலிக்கரானவர்கள். போர்த்துக்கேய மொழியும் இலத்தீனும் ஊரிலேயே கற்று, பின்னர் கோவா நகரில் இயேசு சபையாரிடமும் தொமினிக்கன் சபையாரிடமும் படித்து, 1676இல் குருவானார்.

இந்த இடத்தில் ஒரு விடயத்தை நான் இரண்டு தடவை வாசித்தேன். அந்தக் காலத்தில் கோவாவில் பிறந்த ஓர் இந்தியர் குருவாகலாம். ஆனால் ஐரோப்பியரின் துறவற சபைகள் அவரைத் தங்களில் ஒருவராகச் சேர்த்துக்கொள்ளவில்லை. எவ்வளவு படித்தாலும், எவ்வளவு பக்தியாக இருந்தாலும் பிறப்பு குறுக்கே நின்றது. அவரை மதம் மாறச் சொன்னவர்களே பக்கத்தில் உட்கார இடம் கொடுக்கவில்லை.

அவருக்கு இலங்கைக்குப் போக ஆசை. அங்கே குருமாரே இல்லாமல் கத்தோலிக்கர் தவிக்கின்றனர் என்று கேள்விப்பட்டிருந்தார். ஆனால் கோவா மேலிடம் அவரை 1681இல் கன்னடக் கரைக்கு அனுப்பியது. மங்களூர், பஸ்ரூர், கங்கொல்லி பக்கங்கள் அவை. அங்கே ஆட்சி கேளடி நாயக்கருடையது; போர்த்துக்கேயர் தங்கள் கோட்டைகளை முன்னரே இழந்திருந்தனர். உரோமாபுரி அனுப்பிய ஆயர் தோமஸ் டி காஸ்ட்ரோ அங்கே இருந்தார். அவரும் கோவா மண்ணில் பிறந்த இந்தியர். கோவா மேலிடம் அவரை ஏற்கவில்லை. அவர் செய்யும் திருமணம் செல்லாது, அவர் கொடுக்கும் பாவமன்னிப்புச் செல்லாது என்று ஒரு பக்கம் சொல்ல, மறுபக்கமும் அப்படியே சொன்னது. இடையில் அகப்பட்டவர்கள் சாதாரண மக்கள். பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கக் கொண்டுபோகும் தாய், எந்தக் குருவிடம் போவது என்று பயந்தால் அவளுடைய நிலை என்ன?

யோசேவாஸ் கோவாவின் ஆளாகத்தான் அங்கே போனார். ஆனாலும் ஆயர் டி காஸ்ட்ரோவை எதிரியாக நடத்தவில்லை. அவருக்குரிய மரியாதையைக் கொடுத்து, பேசி, மக்கள் மனம் குழம்பாதபடி சமாதானத்துக்கு முயன்றார். முழுத் தீர்வு கிடைக்கவில்லை. அது மேலிடங்களின் சண்டை, கீழே நின்ற ஒருவரால் முடித்துவைக்க இயலாதது. 1684இல் கோவாவுக்குத் திரும்பினார். பதவி என்ற ஒன்று மனிதரை எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும் என்பதை அவர் அங்கேதான் கண்டிருப்பார் என்பது என் எண்ணம். பிற்காலத்தில் அவர் செய்த ஒரு காரியத்துக்கு இதை விட்டால் வேறு விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

கோவாவில் இந்தியக் குருமார் சிலர் ஒன்றுசேர்ந்து தங்களுக்கென ஒரு குழுவை அமைத்திருந்தனர். வெளிச் சபைகள் கதவடைத்தால் தாங்களே ஒரு வீடு கட்டிக்கொள்வது என்ற முடிவு அது. 1685இல் யோசேவாஸ் அதில் சேர்ந்தார்; விரைவிலேயே தலைவராகவும் தெரிவானார். அது ஒறற்றோரியன் சபையாக வளர்ந்தது. அடுத்த ஆண்டே தலைமையை விட்டுவிட்டு, யோவான் என்ற ஏவலாளியோடு இலங்கையை நோக்கி நடக்கத் தொடங்கினார்.

அப்போது இலங்கை எப்படி இருந்தது? 1656இல் கொழும்பும், 1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கைக்குப் போயின. ஒல்லாந்தர் புரட்டஸ்தாந்தினர். கத்தோலிக்கர் என்றால் போர்த்துக்கேயருக்கு உளவு சொல்பவர் என்பது அவர்களுடைய கணக்கு. 1658இலேயே ஒரு கட்டளை போட்டார்கள்: கத்தோலிக்கக் குருவை வீட்டில் ஒளித்து வைத்தால் மரண தண்டனை. குருமார் நாடு கடத்தப்பட்டனர். தேவாலயங்கள் கைமாறின. மாந்தையிலிருந்து கத்தோலிக்கக் குடும்பங்கள் சில மாதாவின் திருவுருவத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் வன்னிக் காட்டுக்குள், மருதமடுவுக்குத் தப்பி வந்ததாக மடுக்கோவில் வரலாறு சொல்கிறது. அதுவும் இந்த ஆண்டுகளில்தான், 1670 அளவில்.

இதை வாசிக்கும் முஸ்லிம் பெற்றோருக்கு வேறொன்று ஞாபகம் வரலாம். அதற்கு முன்பு போர்த்துக்கேயர் எங்களுக்கு என்ன செய்தார்கள்? வியாபாரப் போட்டியாலும் மதப் பகையாலும் கரையோர முஸ்லிம்களைத் துரத்தினார்கள். 1626இல் அவர்கள் வெளியேற்றியவர்களைக் கண்டி மன்னர் செனரத் ஏற்று, ஏறத்தாழ 4000 பேரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினார் என்று வரலாற்றில் படிக்கிறோம். அப்படியிருக்க, போர்த்துக்கேயரின் மதத்தைச் சேர்ந்த ஒருவருக்காக நாங்கள் இரங்க வேண்டுமா? இந்தக் கேள்வி எனக்கும் வந்தது. ஆனால் யோசேவாஸ் வந்தபோது அவருக்குப் பின்னால் கப்பல் இல்லை, பீரங்கி இல்லை, மன்னரின் கொடியும் இல்லை. துரத்தியவர்களின் மதம் இப்போது துரத்தப்படுபவர்களின் மதமாகியிருந்தது.

1687இல் தூத்துக்குடியிலிருந்து படகேறினார். காற்று திசை மாறிப் படகு மன்னார்ப் பக்கம் ஒதுங்கியது, அங்கிருந்து யாழ்ப்பாணம். இடுப்பில் ஒரு துணி, பிச்சைக்காரரின் கோலம். கடற்பயணத்தில் பிடித்த வயிற்றுளைவு அவரைச் சாகக் கிடத்தியது. தொற்றிவிடும் என்ற பயத்தில் ஆட்கள் கிட்டப் போகவில்லை. ஒரு பெண் மட்டும் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள் என்று சொல்வார்கள். அவளுடைய பெயர் இந்த வரலாற்றில் வருவதில்லை.

உடம்பு தேறியதும் வேலை தொடங்கியது. கத்தோலிக்கர் யார் என்று கேட்டு அறிய முடியாது. கேட்டால் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள். ஆகவே கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை எடுத்தார். மாலையைக் கண்டு யாருடைய முகம் மாறுகிறது என்று பார்த்தார். அப்படி ஒரு குடும்பம், அதன் வழியாக இன்னொன்று. தமிழ் படித்தார். சில்லாலைக் கிராமம் அவருக்கு இருப்பிடமானது. இரவில் பூசை, விடியுமுன் வேறு ஊர். பிடிபட்டால் அவருக்கு மட்டுமல்ல, கதவு திறந்தவருக்கும் மரணம் என்று தெரிந்துகொண்டே அந்த மக்கள் கதவு திறந்தார்கள். அவரை விட அந்த மக்களின் துணிவு எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

1689 நத்தார் இரவில் ஒல்லாந்தர் கூட்டத்தைச் சுற்றி வளைத்தனர். ஏறத்தாழ 300 பேர் பிடிபட்டனர். குரு பிடிபடவில்லை. பிடிபட்டவர்களில் முக்கியமானவர்கள் கசையடி பட்டனர். தொன் பேதுரு என்பவர் அடியிலேயே இறந்தார். இனி யாழ்ப்பாணத்தில் நின்றால் தன்னால் இன்னும் பலர் சாவார்கள் என்ற நிலை வந்தது. 1690இல் யோசேவாஸ் புத்தளத்துக்குப் போனார்.

நாங்கள் இருக்கும் இடம் என்று முன்பு சொன்னது இதுதான். புத்தளம் அப்போது கண்டி மன்னரின் ஆட்சியில் இருந்தது. ஒல்லாந்தரின் கட்டளை அங்கே செல்லாது. வடக்கில் மதத்தின் பெயரால் இருக்க முடியாமல் போன ஒருவர் புத்தளம் போய் மூச்சுவிட்டார். அதற்குச் சரியாக 300 ஆண்டுகளுக்குப் பிறகு, 1990 ஒக்டோபரில், வடக்கின் முஸ்லிம்கள் 70,000க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்ததும் புத்தளம்தான். என் உம்மா அங்கே ஓர் ஓலைக் கொட்டிலில்தான் வளர்ந்தார். கிணற்றடி வரிசையும் வெள்ளம் ஏறிய பாயும் அவர் அடிக்கடி சொல்லும் கதைகள். உம்மம்மாவோ அந்தக் கதைகளை எடுத்தாலே எழும்பிப் போய்விடுவார். 1690 என்ற ஆண்டைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதியபோது என் கை தானாகவே பக்கத்தில் 1990 என்று எழுதியது. இரண்டையும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. ஒரு தனிமனிதர் ஓடியது வேறு, பிள்ளைகளும் முதியவர்களுமாக ஊர் ஊராய் நடந்தது வேறு. ஆனால் அந்த மண் இரண்டு தடவையும் இடம் கொடுத்தது.

யோசேவாஸ் புத்தளத்தோடு நிற்கவில்லை. கண்டியின் உள்நாட்டில் போர்த்துக்கேய வழிவந்த குடும்பங்களும் அவர்களோடு சேர்ந்த கத்தோலிக்கரும் பல ஆண்டுகளாகக் குரு இல்லாமல் இருந்தனர். 1692இல் கண்டிக்குப் புறப்பட்டார். மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியனிடம் அனுமதி பெற அந்தோனியோ சொத்தோமாயோர் என்பவர் முன்னால் போயிருந்தார். அதற்குள் இன்னொருவர் மன்னரின் காதில் வேறு செய்தி போட்டுவிட்டார். லனரோல் என்ற பிரெஞ்சுக்காரர், புரட்டஸ்தாந்தினர். வருவது குரு அல்ல, போர்த்துக்கேய உளவாளி என்றார். பிரான்சில் 1685இல் பதினான்காம் லூயி மன்னர் புரட்டஸ்தாந்தினரின் உரிமைகளைப் பறித்தார். அந்தப் பகை கண்டி மலை வரை வந்து, பாவம், இந்த மனிதரின் தலையில் விழுந்தது.

விலங்கு பூட்டிக் கண்டிக்குக் கொண்டுபோனார்கள். ஒல்லாந்தருக்கும் அவர் உளவாளி, கண்டிக்கும் உளவாளி. இந்தச் சொல்லின் பாரம் வன்னியில் வாழ்ந்த எந்தச் சமூகத்துக்கும் நான் விளக்கத் தேவையில்லை. ஒருவர் மேல் அது விழுந்தால், அவர் சொல்வதெல்லாம் இன்னொரு சான்றாக மாறிவிடும். ஆகவே போலும், யோசேவாஸ் அதிகம் வாதாடவில்லை. சிறையில் இருந்து சிங்களம் படித்தார். காவலர்கள் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். உளவாளி செய்யக்கூடிய எதுவும் கண்ணில் படவில்லை. காவல் மெல்லத் தளர்ந்தது. சிறைக்குள்ளேயே ஒரு சிறு கொட்டில் போட்டுப் பூசை வைத்தார். 1692 நத்தாரை அங்கேதான் கொண்டாடினார். காலப்போக்கில் நகருக்குள் நடமாடவும் விட்டார்கள்.

மன்னர் மனம் மாறியதற்குக் கத்தோலிக்கர் ஒரு மழைக் கதை சொல்வர். கடும் வரட்சியில் மன்னர் கேட்க, அடிகளார் வெளியில் பீடம் வைத்து மன்றாட மழை பெய்தது என்பது அந்தக் கதை. அது அவர்களுடைய நம்பிக்கை, அதை நான் மதிக்கிறேன். எனக்கு அதைவிட அழுத்தமாகத் தெரிவது 1697இல் நடந்தது. கண்டியில் வைசூரி பரவியது. மன்னரும் பிரபுக்களும் நகரை விட்டு அகன்றார்கள். நோய் கண்டவர்களை வீட்டார் காட்டோரம் கொண்டுபோய் விட்டுவிட்டு ஓடினார்கள். யோசேவாசும், கோவாவிலிருந்து வந்து சேர்ந்திருந்த அவருடைய மருமகன் யோசே கர்வாலியோ அடிகளும் நகரிலேயே நின்றார்கள். கொட்டில்கள் போட்டார்கள், கஞ்சி காய்ச்சினார்கள், புண்களைக் கழுவினார்கள், இறந்தவர்களைப் புதைத்தார்கள். நோயாளி எந்த மதம் என்று பார்க்கவில்லை. கொரோனாக் காலத்தில் ஜனாஸாவுக்காக நாங்கள் பட்ட வேதனையை நினைத்தால், இறந்தவரை மண்ணுக்குள் மரியாதையாக வைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் விளங்கும்.

மன்னரைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டாம் விமலதர்மசூரியன் பெயரளவில் பௌத்தர் அல்லர். அதே 1697இல்தான் அரக்கானிலிருந்து பிக்குமாரை வரவழைத்து இங்கே உபசம்பதாவை மீண்டும் ஏற்படுத்தினார். தலதா மாளிகையை மூன்று மாடியில் கட்டியவரும் அவரே. தன் மதத்தில் இவ்வளவு ஊன்றிய மன்னர்தான் வேறு மதக் குருவுக்குத் தன் நாட்டில் நடக்க அனுமதி கொடுத்தார். ஒல்லாந்தரை எதிர்க்க இது உதவும் என்ற அரசியற் கணக்கும் இருந்திருக்கும். கணக்கு மட்டுமே என்று சொல்ல எனக்கு மனமில்லை.

இதற்கிடையில் 1696இல் கொச்சி ஆயர் யோசேவாசை இலங்கைக்கான தன் பிரதிநிதியாக, விகாரி ஜெனரலாக நியமித்திருந்தார். அந்தப் பொறுப்பை ஏற்றார். மற்றக் குருமாரைப் பிரித்து அனுப்ப ஓர் ஒழுங்கு வேண்டும் அல்லவா. பின்னர் அதைவிடப் பெரியது வந்தது. 1703இல் பாப்பரசரின் தூதர் துர்னோன் சீனாவுக்குப் போகும் வழியில் புதுச்சேரியில் தங்கினார். இலங்கையில் தனியாக நிற்கும் இந்தக் குருவைப் பற்றி அவர் அங்கே கேள்விப்பட்டார். அவரை ஆயராக்கி, உரோமாபுரியின் நேரடி ஆளாக்கலாம் என்பது தூதரின் எண்ணம். யோசேவாஸ் வேண்டாமென்றார்.

தாழ்மையால் மறுத்தார் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். அவர் தாழ்மையானவர்தான். ஆனால் கன்னடக் கரையை மறந்துவிட்டு இதைப் பார்க்கக் கூடாது. கொச்சி ஆயர் போர்த்துக்கல் மன்னரின் பத்ரவாதோவைச் சேர்ந்தவர். தூதரோ உரோமாபுரியின் கை. இவர் தலைப்பாகையை ஏற்றிருந்தால் மங்களூரில் நடந்த அதே சண்டை சில்லாலையிலும் புத்தளத்திலும் கண்டியிலும் நடந்திருக்கும். யார் செய்த திருமணம் செல்லும் என்று, மரண தண்டனைக்குப் பயந்து ஒளிந்து வாழும் மக்கள் தங்களுக்குள் அடிபட்டிருப்பார்கள். ஐரோப்பாவில் எத்தனையோ பேர் சண்டை பிடித்துப் பெற்ற பதவியை, மக்கள் பிரியாமல் இருக்க ஒருவர் மறுத்தார் என்றே நான் இதை விளங்கிக்கொள்கிறேன்.

கடைசி ஆண்டுகளிலும் நடைதான். ஒல்லாந்தர் ஆண்ட கொழும்புக்கும் இரகசியமாகப் போய்வந்தார். 1705இல் கோவாவிலிருந்து யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் வந்து சேர்ந்தார். சிங்களத்திலும் தமிழிலும் பல நூல்களை எழுதிய அவரை இலக்கியம் படிக்கும் மாணவிகள் தனியாகத் தேடி வாசிக்கலாம். 1707இல் விமலதர்மசூரியன் இறந்து, மகன் நரேந்திரசிங்கன் அரியணை ஏறினார். புதிய மன்னரும் ஆதரவாகவே இருந்தார். யோசேவாசின் உடம்பு அதற்குள் தேய்ந்துவிட்டது. 1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியில் காலமானார். வயது 59. கோவாவை விட்டுப் புறப்பட்ட பிறகு அவர் ஊருக்குத் திரும்பவே இல்லை.

கண்டியின் ஆதரவு என்றைக்கும் நிலைக்கவில்லை. 1744 அளவில் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் காலத்தில் கத்தோலிக்கக் குருமார் கண்டியிலிருந்து வெளியேற்றப்பட்டனர், தேவாலயமும் அழிந்தது. எழுத்தில் இல்லாத உரிமை மன்னரின் மனதோடு வரும், மன்னரின் மனதோடு போகும். 1995இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் கொழும்புக்கு வந்து யோசேவாசை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத் திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக்கினார். அன்று பிற்பகலே ஹெலிகொப்டரில் மடுவுக்கும் வந்தார். போரில் பிள்ளைகளை இழந்த தாய்மார் சிங்களவரும் தமிழருமாக அங்கே காத்திருந்தார்கள். காலிமுகத் திடலில் இலட்சக்கணக்கானோர் கூடினார்கள். ஆனால் போய் நின்று ஒரு மெழுகுதிரி கொளுத்த அடிகளாரின் கல்லறை இல்லை. கண்டியில் அவரைப் புதைத்த இடம் இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.